ஆச்சியின் காது வேண்டுமா?

வண்ணார்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவிக்கு வந்திருக்கும் ஆசையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பூட்டியாச்சியின் பாம்படம் பாங்கு லாக்கரில் தூங்குகிறதாம். அதைத் தன் காதிலே போட்டுக்கொள்ள வேண்டுமாம்! காதிலோ கம்மலின் தண்டு நுழையும் அளவுக்குத்தான் துளை. ஆவணியில் அண்ணன் கல்யாணம். அதற்குள் காது தயாராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்னும் மூன்றே மாதம். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆச்சிக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "ஏட்டி, கல்யாணத்துக்காக நான் தொங்கக் காதை அறுத்துத் தச்சேன். நீ கல்யாணத்துக்காக நல்ல காதைத் தொங்க விடணும்ங்கியே!"

எனக்கு அந்தப் பெண்ணின் ஆசையில் குற்றம் தோன்றவில்லை. பாட்டிமார் வெட்கப்பட்டுத் தைத்துக்கொண்ட காதை, மேல்நாட்டு வாலிபர்கள் இன்று பணம் கொடுத்துப் பெருக்கிக்கொள்கிறார்கள். பயமெல்லாம் அந்த மூன்று மாதக் கணக்கில்தான்.

தென்பாண்டிச் சீமையில் காது வளர்ப்பது வருஷக்கணக்கான வேலை. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் துரை, 1906-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் காதுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கைக்குழந்தையிலேயே காது குத்துவார்கள். துளையில் பஞ்சுத் திரி. புண் ஆற ஆறத் திரி தடிக்கும். பிறகு பனையோலைச் சுருள். சுருட்டிய ஓலைக்கு விரியப் பார்க்கும் குணம் உண்டல்லவா? அது நாலு பக்கமும் ஒரே சீராகத் துளையைத் தள்ளும். கடைசியில்தான் குணுக்கு என்ற ஈய வளையம். பாம்படமும் தண்டட்டியும் அதற்கும் பிறகு!

ஈயம் விஷம், அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடலாம். தவிர, கனத்தைத் தொங்கவிட்டால் துளை பெரிதாவதோடு கீழ்ச்சதையும் நூலாக மெலியும். ஒருநாள் அறுந்தும் போகும். உள்ளே அரக்கும் மேலே தங்கத் தகடுமாகச் செய்த பாம்படமே ஆனாலும் கனம் கனம்தான்.

காதின் கீழ்மடல் வெறும் தோலும் கொழுப்பும். அதனால்தான் இழுத்த இழுப்புக்கு வருகிறது. மேல்காதில் குருத்தெலும்பு, அங்கே இந்த விளையாட்டே கூடாது. புதிதாகக் குத்திய துளை வெளியே பார்க்க இரண்டு மாதத்தில் ஆறிவிடும். உள்ளே ஆற ஆறு மாதமாவது ஆகும். அதற்கு முன் தொடக்கூடாது. பிறகு, வெந்நீரில் குளித்ததும் சதை இளகியிருக்கும்போது, முன்னதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத உருளையை எண்ணெய் தடவி நுழைக்கலாம். தானாக நுழைய வேண்டும். வலித்தாலோ ரத்தம் கசிந்தாலோ பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவே ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்தோல் பின்பக்கமாகப் பிதுங்கி உதடு மாதிரி நின்றுவிடும். மூன்று மாதத்தில் பாம்படமாவது, மண்ணாங்கட்டியாவது!

கவரிங் வேண்டாம். அதில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பும் நீரும் கொடுக்கும். கண்ணாடியோ டைட்டானியமோ உத்தமம். ஓலையும் மரமும் நன்றாக ஆறிய காதுக்கு மட்டுமே. காயம்பட்ட இடத்தில் தழும்பு கட்டியாகப் புடைக்கும் உடம்புக்காரர்களும், சர்க்கரை வியாதி உள்ளவர்களும் முதலில் டாக்டரைக் கேட்கட்டும்.

இன்னொன்றையும் அந்தப் பெண் யோசிக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வரை பெருகிய துளை, நகையைக் கழற்றினால் ஓரளவு சுருங்கும். பாம்படம் நுழையும் அளவுக்குப் போன காது சுருங்காது. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் புகுந்த வீட்டிலும் அந்தக் காதோடுதான் நிற்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் நாம் யார் தடுக்க? ஆவணிக் கல்யாணத்துக்கு மட்டும், அந்தப் பாம்படத்தை ஆசாரியிடம் கொடுத்துச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். பார்க்கிறவர்கள் விலாசம் கேட்பார்கள்.

மனம் மாறினால் ஆச்சியின் வழி இருக்கவே இருக்கிறது. மடலை மட்டும் மரத்துப்போகச் செய்து, துளையின் ஓரத்தோலைச் சீவி, இரு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மறுபடி கம்மல் போட இரண்டு மூன்று மாதமாவது கழிய வேண்டும். அப்போதும் தையல் தழும்பின் மேலே குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள்.