தோப்பு தோப்பாகவே இருக்கட்டும்

பிளஸ் டூ முடிவு வந்ததும் குமரி மாவட்ட வீடுகளில் தென்னந்தோப்பை அடகு வைக்கலாமா என்ற பேச்சு எழுகிறது. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமே! கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குப் போடும் கட்-ஆஃப்தான் பொறியியல் கலந்தாய்வில் இடத்தைத் தீர்மானிக்கிறது. நாகர்கோவில் கோணம் பகுதியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் 1981-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புள்ள தனியார் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது அதே பல்கலைக்கழகம்தான். கட்டணம்தான் பல மடங்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், ஆய்வகத்தையும் ஆசிரியர்களையும் பற்றி விசாரியுங்கள். விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளை முதலில் எழுதுங்கள் மக்களே. தோப்பு தோப்பாகவே இருக்கட்டும்.