நடைக்கும் கட்டணமா?

இத்தாலியின் வடமேற்குக் கரையிலே 'சிங்க்வே தெர்ரே' என்றொரு பகுதி உண்டு. 'ஐந்து நிலங்கள்' என்று பொருள், சிற்றூர்களும் ஐந்துதான். அவற்றை இணைக்கும் கடலோர மலைப்பாதையில் நடக்க உலகமே திரள்கிறது. அப்பாதையின் சில பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு என்று விடுதியிலே சொன்னேன். "காலால் நடக்கவும் காசா?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். வாங்கத்தான் வேண்டும் என்கிறேன் நான்!

அது உல்லாசத்துக்கென்று போட்ட பாதையன்று. செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டித் திராட்சை பயிரிட்ட உழவர்கள் சுமையோடு ஏறி இறங்கிய தடம். ஒவ்வொரு படியையும் தாங்கி நிற்பது சாந்து பூசாத கற்சுவர். கல்லிடுக்கு வழியே மழைநீர் வடிந்துவிடும், மண் நிற்கும். உழவன் தோட்டத்தைக் கைவிட்டால்? சுவர் சரியும், மண் சரியும், பாதையும் போகும். (பிழைப்புத் தேடி இளைஞர் ஊரைவிட்டுப் போவது அங்கும் உண்டு.)

1997இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் மலையைத் தாங்குமா? 2012 செப்டம்பரில், ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலுள்ள 'காதல் பாதை'யில் பாறை சரிந்து நால்வர் காயமுற்றனர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே நீளமுள்ள அப்பாதை முழுதும் மீண்டும் திறக்க 2024 ஆயிற்று!

ஆகவே, தோழர்களே, கட்டணத்தில் எனக்கு மறுப்பில்லை. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே என் கேள்வி. சீட்டுக் கிழிப்பவருக்கும் வழிகாட்டிப் பலகைக்கும் பிறகு கொடுக்கலாம்; கல் அடுக்கும் கைக்கு முதலில் கொடுங்கள்.