மருந்தோடு உணவும் ஆறுதலும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. ஆயினும் மருந்து மட்டும் போதுமா?

தொற்றுள்ள பெரியவர்களுக்கு அறிகுறிகள் தோன்றாத நிலையிலேயே ஏறத்தாழ 10 விழுக்காடும், நோயுற்ற காலத்தில் 20 முதல் 30 விழுக்காடும் கூடுதல் ஆற்றல் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எடுத்துரைத்தது. பருப்பும் முட்டையும் கீரையும் கேழ்வரகும் எளிதில் கிடைப்பவையே. ஆனால், தனித்தட்டில் ஒதுக்கி வைத்துப் பரிமாறினால் அவ்வுணவு எவ்வாறு உடலில் ஒட்டும்? மனச்சோர்வு மருந்தை மறக்கச் செய்யும். விட்டு விட்டு உண்டால் கிருமி மருந்துக்கு அடங்காது போகும். எனவே உளவள ஆலோசனையும் சிகிச்சையின் ஓர் அங்கமே.

ஒன்றாக உண்பதால் எச்.ஐ.வி. பரவாது. கூட்டு மருந்தால் குருதியில் கிருமி கண்டறிய இயலா அளவில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் பரவாது. இவ்வுண்மைகளை இளையோர் தம் பெற்றோருக்குத் தயங்காது எடுத்துக் கூற வேண்டும்.

புலம்பெயர்ந்த பெற்றோரே! தொற்றுள்ள உறவினருக்கு ஊருக்குப் பணம் அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அவ்வொரு சொல்லும் மருந்தே.