அமெரிக்காவிடம் கேட்கும் நியாயம் சேரிக்குக் கிடையாதா?

பூமியைச் சூடாக்கியது யார் என்ற சண்டை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றைக்கே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை வெளியேற்ற ஆணை போட்டார் டிரம்ப். நம் நாட்டுப் பத்திரிகைகள் கண்டித்து எழுதின. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் இந்த விவாதத்தில் இந்தியா என்ற பெயரில் யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்று கேட்காமல் நாம் தாண்டிப் போக முடியாது.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மாணவத் தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நமக்கு இருக்குற பிரச்சினை பத்தாதா? கார் வச்சிருக்கவன், ஏசி போட்டுத் தூங்குறவன் பிரச்சினையத் தூக்கி நம்ம தலையில ஏன் வைக்கிறீங்க?" நியாயமான கேள்வி. நம் இயக்கத்தில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. அதனால்தான் இந்த இதழின் தலையங்கத்தை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் காரணம். கரியமில வாயு சூட்டைப் பிடித்து வைக்கும் என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1896லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை இது. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் கடைசியிலும் 80களிலும் இதைத் தங்கள் மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள் என்பதும், கம்பெனி வெளியே சந்தேகத்தை விதைத்துக்கொண்டிருந்தது என்பதும் 2015இல் அம்பலமாயின. ஆகவே 'எல்லாம் இயற்கை' என்ற பேச்சுக்கு நாம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. புகை விட்டது எந்த மனிதர்கள் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

1990இல் வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனம் ஓர் அறிக்கை போட்டது. பூமியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா, சோவியத்தோடு பிரேசில், சீனா, இந்தியா மூன்றையும் சேர்த்தது. நெல் வயலில் கிளம்பும் மீத்தேன், மாடு விடும் மீத்தேன், வெட்டப்படும் காடு எல்லாம் கணக்கில் வந்தன. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு சிறு நூல் எழுதி அதைப் பிளந்து போட்டார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் புகை எல்லா மனிதருக்கும் பொதுச் சொத்து, அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடாமல் எப்படிக் கணக்குப் போடலாம்? வயிற்றுப்பாட்டுக்கு நடும் நாற்றும் சொகுசுக்கு ஓட்டும் காரும் ஒன்றா?

மீத்தேன் கணக்கின் லட்சணமும் அதே ஆண்டு வெளிப்பட்டது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயலில் இறங்கி அளந்தார்கள். கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு. தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றால்தான் மண்ணுக்குள் மீத்தேன் அதிகமாகும். புதுக்கோட்டை மாதிரி வானம் பார்த்த பூமியில், காய்ந்தும் நனைந்தும் விளைகிற நெல்லுக்கும் அந்தப் பழியைச் சேர்த்துச் சுமத்தியிருந்தார்கள். சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒரு விஞ்ஞானம்!

இதுவரை அகர்வால், நாராயண் வாதம் நமக்கும் சம்மதம். சிக்கல் இதற்குப் பிறகுதான். 'தலைக்கு இவ்வளவு' என்ற நியாயம் நாட்டு எல்லையோடு நின்றுபோகிறது. அமெரிக்கனுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியனுக்குச் சுமார் 2 டன் என்று உலக மேடையில் நம் அரசு சொல்கிறது. இந்த 2 டன் எப்படி வந்தது? மேலே புகை, கீழே தலைகள். புகையில் பெரும்பங்கு கம்பெனிக்காரனுடையது, காரும் விமானமும் ஏறுகிறவனுடையது. வகுக்கிற தலைகளில் பெரும்பங்கு நம்முடையது. கீழே சேரி இருப்பதால்தான் சராசரி இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. 2007இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட ஓர் ஆய்வு, மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறவர், 3,000 ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கிறவரைப் போல நாலரை மடங்கு புகை விடுகிறார் என்றது. ஏழையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு. அதிலும் சாதிவாரிக் கணக்கு கிடையாது. பங்கு குறைவு என்று காட்ட நம் தலையை எண்ணுகிறவர்கள், பங்கு கொடுக்கும்போது எண்ணுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992இல் ரியோ மாநாட்டிலிருந்து இந்தியா விடாமல் பேசி வருவது வரலாற்றுப் பொறுப்பு. 'உங்கள் பாட்டன் பூட்டன் விட்ட புகை இன்னும் காற்றில் நிற்கிறது. அதில் வந்த செல்வத்தில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே அதிகப் பொறுப்பு உங்களுக்கு, நட்டஈடும் கொடு.' அருமையான வாதம், அசைக்க முடியாத வாதம். ஆனால் இதே டெல்லியில் 1990இல் மண்டல் அறிக்கையை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் என்ன கேட்டார்கள்? இன்றைக்கும் இட ஒதுக்கீடு என்றதும் என்ன கேட்கிறார்கள்? "எங்க தாத்தா செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" அமெரிக்கப் பேரனுக்குச் செல்லாத சாக்கு அக்ரகாரத்துப் பேரனுக்கும் ஊர்த்தெருப் பேரனுக்கும் மட்டும் எப்படிச் செல்லும்? புகை நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும் என்றால், பறிக்கப்பட்ட நிலமும் மறுக்கப்பட்ட படிப்பும் கொடுக்காத கூலியும் எங்கே கரைந்து போயின?

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டது. புயல்கள் மூர்க்கமாவதற்குக் கடல் சூடேறுவது ஒரு காரணம் என்கிறது விஞ்ஞானம். நிவாரணக் கணக்கைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அப்புறப்படுத்தும் செலவோடு 1,100 ரூபாய். எக்டேருக்கு 1,92,500 ரூபாய். முழுவதும் அழிந்த குடிசைக்கு 10,000 ரூபாய். தென்னை விவசாயிக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையாக வளர்த்த மரம் போனவனின் துக்கம் பெரிசு. ஆனால் அதே தோப்பில் காய் பறித்தவன், மட்டை உரித்தவன், கீற்று முடைந்தவள், புதுக்கன்று காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் இழந்த வேலைக்கு யார் கணக்கு எழுதினார்கள்? நிவாரணம் பட்டாவைப் பார்த்து வருகிறது. பட்டா இல்லாதவனுக்கு இழப்பே இல்லை என்றாகிவிடுகிறது.

பட்டா ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். அதை மீட்கப் போய்த்தான் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். புதுக்கோட்டையோ 1948 வரை தனி சமஸ்தானம், அந்த மாகாண ஆணையின் எல்லைக்கு வெளியே கிடந்த மண். இங்கே நிலமற்றவனுக்கு மிஞ்சியது காடும் புறம்போக்கும் கண்மாயும்தான். அந்தச் செம்மண் காட்டிலும் வனத்தோட்டக் கழகம் தைலமரத்தை நட்டது. சுள்ளி பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் இருந்த இடம் காகித ஆலைக்குக் கூழ்மரம் ஆயிற்று. மழைத் தண்ணீரை மறித்துத் தோட்டத்துக்குள் வரப்பு போடுவதால் கண்மாய்க்கு நீர் வரத்து இல்லை என்று சனங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுக்கிறார்கள். நாளைக்கு இதே தோட்டம் 'கரியமில வாயுவை உறிஞ்சும் பசுமை' என்ற புதுப்பெயரில் வரலாம். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த பசுமைக் கடன் விதிகள் சீர்கெட்ட நிலத்தில் மரம் நடுவதை வரவு வைக்கச் சொல்கின்றன. காகிதத்தில் 'சீர்கெட்ட நிலம்' என்று எழுதப்படும் இடம் பெரும்பாலும் யாராவது ஓர் ஏழையின் மேய்ச்சல் காடு என்பது நமக்குத் தெரியும்.

வெயிலும் சாதி பார்க்காது என்பார்கள். வெயில் பார்க்காது, வேலை பார்க்கும். கல்குவாரியில், செங்கல் சூளையில், கரும்பு வெட்டில், சாக்கடையில் நிற்பது யார்? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் ஏறினால் வியர்வை காயாது, உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். 2015 மே மாதம் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் வெப்ப அலைக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கூலி வேலைக்குப் போனவர்களும் ஒதுங்க நிழலற்ற கிழவர்களும் அதில் ஏராளம். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால் வெயிலால்தான் செத்தான் என்று சான்று வேண்டும். சூளையில் சுருண்டு விழுந்தவனுக்கு அந்தச் சான்றை எழுதித் தர யார் வருவார்? செத்த பிறகு 4 லட்சம் தருகிற அரசு, உயிரோடு இருக்கும்போது உச்சிவெயிலில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கூலி கொடுக்கச் சட்டம் போடட்டும்.

தம்பிக்கு என் பதில் இதுதான். இது ஏசிக்காரன் உண்டாக்கிய பிரச்சினை, உண்மை. ஆனால் விலை கொடுப்பது நாம். நாம் பேசாவிட்டால் நம் பெயரில் அவன் பேசுவான், இப்போதே பேசிக்கொண்டிருக்கிறான். 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் பணக்கார நாடுகளிடமிருந்து நிதி கேட்டு ஏழை நாடுகள் போராடி ஒப்புக்கொள்ள வைத்தன. அந்த நிதி வரட்டும். வருகிற பணம் ஊர்த்தெருவோடு நிற்காமல் சேரிக்கு வர வழி என்ன என்று இப்போதே கேட்போம். நிவாரணம் பட்டாவுக்கல்ல, ஆளுக்கு வேண்டும். புறம்போக்கிலும் காட்டிலும் நிலமற்றவரைக் கேட்காமல் ஒரு மரமும் நடக்கூடாது, ஒரு சூரியத் தகடும் நிறுத்தக்கூடாது. புகைக் கணக்கை வர்க்கவாரியாக, சாதிவாரியாகப் பிரித்து எழுத வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். கஜா நிவாரணம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்தது, தைலமரக் காட்டுக்குள் எந்த வாய்க்கால் செத்தது, வெயிலில் விழுந்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அமெரிக்காவிடம் நீட்டுகிற அதே கணக்கு நோட்டை ஊருக்கு நடுவிலும் விரித்து வைப்போம்.