இரண்டு செம்புத் தண்ணீரில் ஓர் உயிர்



மருங்காபுரியிலிருந்து ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி கடிதம் எழுதியிருக்கிறாள். ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அப்பா அவளுக்கு இரண்டு தங்க மீன்களும், ஒரு வட்டக் கண்ணாடிக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தாராம். பிளாஸ்டிக் பையில் இருந்த மீன்களை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறாள். படிக்கும் மேஜையில் கிண்ணத்தை வைத்து, தினமும் கழுவித் தண்ணீர் மாற்றி, மூன்று வேளையும் தீனி போட்டிருக்கிறாள். நாலாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது. ஆறாம் நாள் இன்னொன்று. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

தங்கையே, உன் அன்பில் ஒரு குறையும் இல்லை. குறை, அந்தக் கிண்ணத்தில்தான். உன்னைப் போலவே ஆசையாக மீன் வாங்கி, அழுதுகொண்டே புதைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால் இந்த வாரம் எல்லோருக்குமாகச் சேர்த்தே சொல்கிறேன்.

நமக்குச் சாப்பிட ஓர் இடம், குளிக்க ஓர் இடம், கழிப்பறை ஓர் இடம். மீனுக்கோ எல்லாமே ஒரே தண்ணீர். அது சுவாசிப்பதும் அதில்தான், கழிவை விடுவதும் அதில்தான். அந்தக் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நச்சு உண்டாகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பளிங்கு போலத் தெரியும் தண்ணீரிலும் அது இருக்கும்.

காவிரியில் இந்த நச்சு ஏன் மீன்களைக் கொல்வதில்லை? அங்கே தண்ணீர் ஏராளம். அதோடு மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாக்கள், அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. செடிகள் அதை உணவாக எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

புதுக் கிண்ணத்தில் இந்த பாக்டீரியாக்கள் கிடையாது. ஒரு தொட்டியில் அவை பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தினமும் தேய்த்துக் கழுவினால் குடியேறவே முடியாது. தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால், சூடு திடீரென்று மாறி மீன் அதிர்ந்து போகும். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், மீனின் செவுள்களை அரித்துவிடும். நல்லது என்று நினைத்து அவள் செய்த வேலையே மீனுக்குத் துன்பமாகிவிட்டது.

15 செ.மீ. அகலமுள்ள வட்டக் கிண்ணம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் தெரியுமா? சுமார் ஒன்றரை லிட்டர். இரண்டு செம்புத் தண்ணீர்! சித்திரை வெயிலில் அது மளமளவென்று சூடாகும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்.

தங்க மீன் நாலு நாள் வாழப் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1956இல் ஒரு சிறுவன் திருவிழாக் கடையில் பரிசாகப் பெற்ற 'டிஷ்' என்ற தங்க மீன், 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது! தங்க மீன் ஒரு சாணுக்கு மேலும் வளரக்கூடியது. ஆகவே மேஜைத் தொட்டி எதற்குள்ளும் தங்க மீனை விடாதீர்கள்.

"மீனுக்கு வலிக்குமா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ட்ரவுட் என்ற மீனின் முகத்திலும் வாயிலும், காயத்தை உணரும் நரம்புகள் இருப்பதை 2003இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், மனிதனைத் தவிர மற்ற எல்லா உயிரையும் 'விலங்கு' என்றே சொல்கிறது. அசைந்து திரிய இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ ஒரு விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004இல் வட்டக் கிண்ணத்தில் மீன் வளர்க்கத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ரோம் நகரமும் அப்படியே செய்தது.

அப்படியானால் மீன் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம் செல்லங்களே! சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால், முதலில் மீனை வாங்காதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள்!

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 40 × 25 × 25 அளவுள்ள தொட்டி 25 லிட்டர் பிடிக்கும். சின்ன மீன்களுக்குக்கூட 20 லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 25 லிட்டர் தண்ணீரின் எடை 25 கிலோ. ஆகவே ஆடாத மேஜையில், வெயில் நேரே படாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

இதில் என்ன மீன் விடலாம்? ஒரே ஒரு ஃபைட்டர் மீன். அல்லது நாலைந்து கப்பி மீன்கள். இரண்டையும் சேர்த்து விடக் கூடாது. கப்பி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், ஆண் மீன்களாக மட்டும் பார்த்து வாங்குங்கள். "ஃபைட்டருக்கு ஒரு சின்ன பாட்டில் போதும்" என்பார்கள். அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால் பாட்டிலில் உடனே சாகாது, அவ்வளவுதான். சாகாமல் இருப்பது வேறு, வாழ்வது வேறு. ஓர் அறையில் உங்களைப் பூட்டிவைத்துச் சோறு மட்டும் போட்டால் எப்படி இருக்கும்? ஃபைட்டர் துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடி வேண்டும். இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விட்டால் சண்டையிட்டே மாளும்.

மீன் வருவதற்கு முன்பே தொட்டியில் கூழாங்கல், செடி, ஏர் பம்ப்புடன் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் வைத்து ஓட விடுங்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து கொஞ்சம் கூழாங்கல் கேட்டு வாங்கிப் போட்டால், நல்ல பாக்டீரியா சீக்கிரம் பெருகும்.

பிறகு வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். தீனி, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். தொட்டிக்குள் சோப்பு கூடவே கூடாது. கண்ணாடியைத் தட்டி விளையாடவும் வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம். மீன் வளர்த்து அலுத்துவிட்டால், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று காவிரியிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். 1952இல் வளர்ப்புக்காக நம் நாட்டுக்கு வந்த ஜிலேபி மீன், இன்று நம் ஆறு குளங்களில் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறார்களே, அந்த டேங்க் கிளீனர் மீனும் இப்போது ஏரிகளில் பரவி வருகிறது. வேண்டாத மீனை, வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வீட்டில் தொட்டி வைக்க இடமோ வசதியோ இல்லையா? வருத்தமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ தாத்தாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போங்கள். பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வருவதும், நிழல் விழுந்தால் ஒரே நேரத்தில் திரும்பி ஓடுவதும் தெரியும். மீன் எப்படி வாழ ஆசைப்படுகிறது என்பதை எந்தக் கண்ணாடித் தொட்டியும் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது.

மருங்காபுரித் தங்கையே, அந்த வட்டக் கிண்ணத்தைத் தூக்கிப் போடாதே. அதில் மண் நிரப்பி ஒரு துளசி விதை போடு. அடியில் ஓட்டை கிடையாது, அதனால் தண்ணீரை மட்டும் அளவாக ஊற்று. அடுத்த முறை மீன் வாங்கும் ஆசை வந்தால், முதலில் ஸ்கேலை எடு!

அன்புடன்,
ஆசிரியர்