கணக்குப்பிள்ளைக்கு ஒரு கைப்புத்தகம் வேண்டும்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஆனால் சத்தம் இல்லை!

ஏலம் என்றால் கூச்சல் இருக்கும். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று குரல் ஓங்கும். ஒருவர் விலை சொல்வார். அடுத்தவர் அதற்கு மேல் சொல்வார். அதெல்லாம் பழைய கதை. இப்போது வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே கம்ப்யூட்டர். திரையில் சரக்கின் எண் வருகிறது. எடை வருகிறது. விலை ஏறுகிறது. ஏற்றுவது வாய் அல்ல, விரல்!

இதை நடத்துவது மத்திய அரசின் நறுமணப் பொருள்கள் வாரியம். "ஸ்பைசஸ் போர்டு" என்றால்தான் போடியில் எல்லோருக்கும் தெரியும். போடியிலும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இந்த மின்னணு ஏலம் நடக்கிறது. 2021-ம் ஆண்டில் அதிலும் ஒரு மாற்றம் வந்தது. இரண்டு ஊர்களிலும் உள்ள வியாபாரிகள் ஒரே நேரத்தில், ஒரே சரக்குக்கு விலை கேட்கலாம் என்று ஆயிற்று. போடியில் இருப்பவர் போட்டியாளரின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

விரல் தவறினால் என்ன ஆகும்? 2019 ஆகஸ்டு மாதத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போயிற்று. அந்த மாதிரி நாளில் ஒரு தவறான அழுத்தம் ஒரு வீட்டின் ஒரு வருஷச் செலவு!

வியாபாரி எப்படியோ பழகிவிட்டார். அவருக்கு வேறு வழி இல்லை. அவருடைய கடையில் இருக்கும் கணக்குப்பிள்ளையின் பாடுதான் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

பேரேடு போனது

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணக்குப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும் என்பது அவருக்கு மனப்பாடம். காயைக் கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்வார். அவர் முன்னால் ஒரு நாள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "இனிமேல் எல்லாம் இதில்தான்" என்கிறார் முதலாளி.

யார் கற்றுத் தருவது? பெட்டியை மாட்ட வந்த பையன் அரை மணி நேரம் நிற்கிறான். எலியைப் பிடித்து இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. "அவ்வளவுதான் அண்ணே, ஈஸி!" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விடுகிறான். அண்ணனுக்கு முதல் தட்டே நினைவில் இல்லை.

மறுபடி கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். வயதில் சின்னவனிடம் எத்தனை தரம் கேட்பது? ஆகவே அவர் வேலை முடிந்ததும் பழைய நோட்டில் ஒரு கணக்கு எழுதிக்கொள்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு. நோட்டில் ஒரு கணக்கு. இரட்டை வேலை!

இந்தச் சிரமம் ஒரு தரத்தோடு தீர்ந்ததா? இல்லை. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஒரே இரவில் பில் போடும் முறை மாறியது. 2018 ஏப்ரல் 1-ந் தேதி மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு "இ-வே பில்" வந்தது. சரக்கின் மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் இந்தச் சீட்டு வேண்டும். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஐம்பது கிலோ மூட்டை ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். தோட்டம் கேரளத்தில். கடை போடியில். நடுவே மலையும் போடிமெட்டும். சீட்டில் லாரி எண்ணை ஓர் எழுத்து மாற்றி அடித்தாலும் வண்டி வழியில் நிற்க நேரும்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்லுவது அறியாமை. கணக்குத்தாள் போடும் மென்பொருளைப் போல ஓர் உதவி கணக்குப்பிள்ளைக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அழித்து எழுதிய கரும்பலகை

அது பிறந்த கதையே சுவையானது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார. ஆசிரியர் கரும்பலகையில் பெரிய கணக்குப் பட்டியல் போடுவார். நடுவில் ஓர் எண் தப்பு என்று தெரிந்தால், அதை ஒட்டி வந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறக் கூடாதா என்று மாணவர் நினைத்தார். பாப் பிராங்க்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தார். 1979-ல் அது விற்பனைக்கு வந்தது. பெயர் "விசிகால்க்". இன்று எல்லா ஆபீசிலும் உள்ள "எக்செல்" அதன் வழியில் வந்ததுதான்.

பேரேட்டில் அடித்துத் திருத்திய யாருக்கும் இந்தக் கதை புரியும். புத்தகத்தை இங்கிருந்து தொடங்கினால் கணக்குப்பிள்ளை நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் கடைகளில் கிடைக்கும் பல புத்தகங்கள் எப்படித் தொடங்குகின்றன? கம்ப்யூட்டரின் உறுப்புகள் என்னென்ன, அதன் தலைமுறைகள் எத்தனை என்று தொடங்குகின்றன. பிறகு திரையின் மேலே உள்ள பொத்தான்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விளக்குகின்றன. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அடுப்பைக் காட்டாமல், ஓட்டில் எத்தனை ஓடு என்று எண்ணிக் காட்டுவது போல!

இன்னொரு கோளாறும் உண்டு. புத்தகத்தில் "விரிதாள்" என்று இருக்கிறது. நல்ல சொல். ஆனால் திரையில் இருப்பது இங்கிலீஷ். வாசகர் புத்தகத்தில் உள்ள சொல்லைத் திரையில் தேடித் தேடிக் களைத்துப் போகிறார். தமிழ்ச் சொல்லும் இருக்கட்டும். திரையில் தெரிகிற சொல்லின் உச்சரிப்பையும், அந்தப் பொத்தானின் படத்தையும் பக்கத்தில் போட்டால் என்ன?

கணக்குப்பிள்ளைக்கு முதல் பாடம் ஒரு மூட்டைக் கணக்காக இருக்க வேண்டும். எடை 84 கிலோ. விலை கிலோ 1,250 ரூபாய். ஒரு கட்டத்தில் 84 என்று அடியுங்கள். அடுத்த கட்டத்தில் 1250. மூன்றாவது கட்டத்தில் முதலில் சமக் குறி. பிறகு எடை இருக்கும் கட்டத்தைத் தொடுங்கள். நட்சத்திரக் குறி போடுங்கள். அதுதான் இங்கே பெருக்கல். பிறகு விலை இருக்கும் கட்டத்தைத் தொட்டு, என்டர். ஒரு லட்சத்து ஐயாயிரம் வந்து நிற்கும். இப்போது 84-ஐ 86 ஆக்கிப் பாருங்கள். தொகை தானே மாறும். ஹார்வர்டு மாணவர் கண்ட கனவு போடிக் கடையில்!

அதற்குப் பிறகு அவர் எங்கே விழுவார் என்பதைப் புத்தகம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விழுகிற இடங்கள் தெரிந்தவைதான்.

பழக்கத்தில் "84 கிலோ" என்று அடித்துவிடுவார். எழுத்து சேர்ந்ததால் அதை எண்ணாகக் கம்ப்யூட்டர் மதிக்காது. பெருக்கச் சொன்னால் பிழை காட்டும். எண்ணை மட்டும் அடிக்க வேண்டும். "கிலோ" என்பது தலைப்பில் இருந்தால் போதும்.

சரக்கு எண் 3-4 என்று அடிப்பார். அது தேதியாக மாறிவிடும்! எண்ணுக்கு முன்னால் மேலே ஓர் ஒற்றைக் குறி போட்டு அடித்தால் அப்படியே நிற்கும்.

சில சமயம் கட்டம் முழுவதும் வேலி அடைத்தாற்போல் குறிகள் தோன்றும். போட்ட கணக்கு போய்விட்டது என்று நெஞ்சு படபடக்கும். ஒன்றும் போகவில்லை. எண் பெரியது, கட்டம் சின்னது. கட்டத்தின் ஓரத்தை இழுத்து அகலமாக்கினால் எண் வந்துவிடும்.

தவறாக எதையாவது அழித்துவிட்டால்? கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு "இசட்" எழுத்தைத் தட்டினால் முந்தைய நிலை திரும்பும். இதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். கம்ப்யூட்டரைத் தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம் பாதி இதிலேயே போய்விடும்.

கடைசியில் நிற்பவள்

இது கடைக்காரர் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

விடியுமுன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மலை ஏறுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் போடிமெட்டு. ஜீப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செடியின் அடியில் குனிந்து, பழுத்த காயாகப் பார்த்துப் பறிப்பவர்கள். மாலையில் இறங்குகிறார்கள். அவர்களுடைய கூலிக் கணக்கு இன்று பல தோட்டங்களில் கம்ப்யூட்டரில்தான் ஏறுகிறது.

பட்டியலில் இருபது பெயர். கீழே மொத்தம். புதிதாக ஒருத்தி வேலைக்கு வருகிறாள். குமாஸ்தா கடைசிப் பெயருக்குக் கீழே அவள் பெயரைச் சேர்க்கிறார். மொத்தம் இருபது வரிக்குத்தான் என்று முன்பே எழுதியிருந்தால், இருபத்தோராவது வரி கூட்டலில் சேராமல் போகக்கூடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். அந்த மொத்தப்படி பணம் எடுத்து வருவார்கள். பட்டுவாடா நடக்கும்போது ஒரு கூலி குறையும். அப்போது வரிசையில் கடைசியில் நிற்பது யார்? புதிதாக வந்தவள்தான்.

அவள்மீது தப்பு இல்லை. குமாஸ்தா மீதும் தப்பு என்று சொல்ல முடியாது. "வரி சேர்த்தால் கூட்டலைச் சரி பார்" என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே!

பழைய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த பையனை வைத்துக்கொள்ளலாமே என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். இது தவறான கணக்கு. 1250 என்பதற்குப் பதில் 12500 என்று அடித்தால் மென்பொருள் முணுமுணுக்காமல் பத்தரை லட்சம் என்று காட்டும். "இந்தச் சரக்குக்கு இந்த விலையா?" என்று கேட்கிறவர் பழைய கணக்குப்பிள்ளைதான். விலை தெரிந்தவருக்கு விசைகளைக் கற்றுக்கொடுக்க இரண்டு மாதம் போதும். விசை தெரிந்தவர் சரக்கின் விலையைக் கற்க எத்தனை பறிப்பு பார்க்க வேண்டும்?

இளைஞர்களைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வித் துறை ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலைக்கென்றே ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. தட்டெழுத்துப் பள்ளியில் பயின்று, அந்தத் தேர்விலும் தேறிய பெண்கள் எத்தனையோ பேர். ஒரு கடையில் அப்படி ஒரு பெண்ணும், பழைய கணக்குப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கடை கொடுத்து வைத்தது. ஆனால் எல்லாக் கடைக்கும் அது வாய்க்காது. அங்கேதான் புத்தகம் வேண்டும்.

கம்பெனி செய்த உபகாரம்

புத்தகம் ஒருமுறை அச்சிட்டால் போதாது. மென்பொருள் அடிக்கடி வேஷம் மாற்றும். 2007-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அப்படி ஒரு வேலை செய்தது. அதுவரை மேலே வரிசையாக இருந்த பெயர்களை எடுத்துவிட்டு, "ரிப்பன்" என்று ஒரு பட்டையைக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் பழகிய ஆட்கள் திகைத்தார்கள். நேற்று வரை இருந்த பொத்தானைக் காணோம்! டில்லியில் இருந்தவரும் தேடினார், லண்டனில் இருந்தவரும் தேடினார். கடைசியில் அந்தக் கம்பெனியே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பழைய இடத்தைத் தொட்டுக் காட்டினால், புதிய இடம் எங்கே என்று அது காட்டியது. பெரிய ஆபீசுகளில் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே வழிகாட்டி வேண்டியிருந்தது என்றால், போடிக் கணக்குப்பிள்ளை கேட்பதில் என்ன வெட்கம்?

தமிழில் அடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். 1999-ல் தமிழக அரசு "தமிழ் 99" விசைப்பலகையை ஏற்றது. 2010-ல் யூனிகோடு முறையை ஏற்றது. பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாவிட்டால், பூச்சி ஊர்ந்தாற்போல் என்னென்னவோ தெரியும். கடிதம் கெடவில்லை. அதை மாற்ற வழி இருக்கிறது. அந்த வழி எழுதிய தாள்தான் மேஜையில் இல்லை.

கம்ப்யூட்டருக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று செலவழிக்கிற முதலாளி, புத்தகத்துக்கு நூறு ரூபாய் செலவழிக்கத் தயங்குகிறார். அதைவிட மோசம், நேரம் தருவதில்லை. "சும்மா இருக்கும்போது பழகிக்கொள்" என்கிறார். ஏலக்காய்க் கடையில் பறிப்புக் காலத்தில் சும்மா இருக்கும் நேரம் ஏது? தினம் ஒரு மணி நேரம், சம்பள நேரத்திலேயே, இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும். முதல் மாதம் பேரேடும் கம்ப்யூட்டரும் ஒன்றாக நடக்கட்டும். மாதக் கடைசியில் இரண்டு மொத்தமும் ஒத்து வந்தால் பேரேட்டை மூடலாம். ஒத்து வராவிட்டால் எங்கே வித்தியாசம் என்று இருவரும் சேர்ந்து தேடலாம். அந்தத் தேடலில் கற்பது எந்த வகுப்பிலும் வராது.

புத்தகத்தை யார் போடுவது? மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த வாரியம் போடலாம். வியாபாரிகள் கூடி ஒன்று போடலாம். நாற்பது பக்கம் போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி போட்டவரும் படிக்க வேண்டும். கணக்கு எல்லாம் ஏலக்காய்க் கணக்காக இருக்கட்டும். மேஜையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாதபடி கம்பிச் சுருளில் கட்டட்டும்.

கடைசியில் பத்துப் பக்கம் வெறுமையாக விட வேண்டும். கணக்குப்பிள்ளை தாமே கண்டுபிடித்ததைப் பென்சிலால் எழுதிக்கொள்ள. இன்று பல கடைகளில் அந்தக் குறிப்புகள் காலண்டர் தாளின் பின்புறத்தில் இருக்கின்றன. வருஷம் முடிந்ததும் காலண்டரோடு போய்விடுகின்றன.