மலக்குக்கு எத்தனை புள்ளி?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, கடதாசியும் பென்சிலும் இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடையும் வைத்துக்கொண்டு, கதை சொல்லியே ஆடும் ஒரு விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். வழியில் எதிர்ப்படுபவற்றோடு பேசலாம், பேரம் பேசலாம், சண்டையும் போடலாம். கைபேசி வழியாகவும் வெளிநாட்டிலிருக்கும் உறவுப் பிள்ளைகள் வழியாகவும் இது இப்போது நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது.

அப்படி எதிர்ப்படுபவற்றைத் தொகுத்துச் சொல்ல 'மான்ஸ்டர் மேனுவல்' என்றொரு புத்தகம் உண்டு. 1977இல் வந்த முதற் பதிப்பில் ஷைத்தான்கள் இருந்தன, ஜின்னும் இருந்தது, சுலைமான் நபி (அலை) அவர்களின் சபையில் பேசிய இஃப்ரீத்தின் பெயரையும் எடுத்து ஒரு நெருப்புப் பூதத்துக்கு வைத்திருந்தார்கள். மலக்குகள் மட்டும் இல்லை. விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1982இல் 'டிராகன்' சஞ்சிகையில் அவர்களையும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அவர்கள் புத்தகத்தில் ஏறினார்கள். தேவா, பிளனிட்டார், சோலார் என்று மூன்று தரம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி தேவாவுக்கு 136 உயிர்ப்புள்ளிகள், பிளனிட்டாருக்கு 200, சோலாருக்கு 243. வெட்ட வெட்டப் புள்ளி குறையும். பூச்சியமானால் கதை முடிந்தது.

இதைக் கேட்டதும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று சொல்லி, புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் அமெரிக்காவில் இது முன்பே நடந்திருக்கிறது. 1980களில் அங்குள்ள பெற்றோர் பலர், இந்த விளையாட்டு பிள்ளைகளை ஷைத்தானிடம் கொண்டுபோகிறது என்று பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். 1989இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஷைத்தானைக் குறிக்கும் சொற்களை எடுத்துவிட்டு, யாருக்கும் விளங்காத புதுப் பெயர்களைச் சூட்டியது. மலக்குகளுக்கும் 'ஆசிமோன்' என்று பெயர் மாறியது. உருவமும் புள்ளிக்கணக்கும் அப்படியே இருந்தன. சில ஆண்டுகளில் பழைய பெயர்களும் திரும்பி வந்துவிட்டன. பயந்து போட்ட சத்தத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மலக்கைப் பூதங்களோடு ஒரே பட்டியலில் வைத்துவிட்டார்களே என்பதல்ல என் ஆட்சேபணை. அந்தப் புத்தகத்தில் 'மான்ஸ்டர்' என்றால் வழியில் எதிர்ப்படக்கூடிய எதுவும் என்றுதான் பொருள். 4 புள்ளியோடு சாதாரண ஊர்வாசிகூட அதே புத்தகத்தில் இருக்கிறான். படைப்புகளைப் பட்டியலிடுவது நமக்கும் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் கஸ்வீனி எழுதிய 'அஜாயிபுல் மக்லூகாத்' என்ற நூல் விந்தையான படைப்புகளைத் தொகுத்துச் சொல்கிறது. மலக்குகளும் அதில் உண்டு. ஆனால் கஸ்வீனி அவர்களை வானங்களைப் பேசும் முதற் பகுதியிலே வைத்தார். மிருகங்களும் ஜின்களும் பூமியைப் பற்றிய பகுதியிலே வருகின்றன. அமெரிக்கப் புத்தகமோ அகரவரிசைப்படி அடுக்கிவிட்டது.

பிறர் சொல்லை இரவல் வாங்கியதும் குற்றமில்லை. 'தேவா' என்பது இந்திய மண்ணின் சொல். நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் மலக்குகளை 'அமரர்', 'வானவர்' என்றுதானே அழைத்தார்! தமிழில் முன்பிருந்தே புழங்கிய சொற்களை எடுத்து, நம் ஈமானின் பொருளை அவற்றில் நிறைத்தார். சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதற்குள் எதை நிறைக்கிறார்கள் என்றே பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டு நிறைப்பது இரண்டை. ஒன்று, வழிதவறும் மனம். கதை என்றால் திருப்பம் வேண்டும். எப்போதும் கட்டளைக்குப் பணியும் ஒரு படைப்பை வைத்துத் திருப்பம் செய்வது கடினம். அதனால் மலக்கை விழ வைக்கிறார்கள். 2019இல் வந்த ஒரு சாகசநூலின் மையமே, ஷைத்தான்களோடு போரிடப் போய்த் தானும் நரகத் தலைவர்களில் ஒருத்தியாகிவிட்ட ஸாரியெல் என்ற மலக்குதான். விழுந்த மலக்கு என்ற எண்ணம் மேற்கில் மிகப் பழையது. நம்மிடம் அதற்கு இடமே இல்லை. மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள், அல்லாஹ்வின் ஏவலுக்கு மாறு செய்யாதவர்கள். இப்லீஸ் ஜின் இனத்தவன் என்று ஸூரத்துல் கஹ்ஃபின் 50ஆவது வசனம் தெளிவாகவே கூறுகிறது.

மற்றையது, எண். இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ஸூரத்துல் முத்தஸ்ஸிர் நரகத்தின் காவலர்கள் 19 என்று கூறியபோது மக்கத்துக் குறைஷியர் என்ன செய்தார்கள் என்பதைத் தப்ஸீர் நூல்கள் சொல்கின்றன. உங்களில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை மடக்க முடியாதா என்று அபூஜஹ்ல் கேட்டானாம். தன் உடற்பலத்தில் கர்வம் கொண்ட இன்னொருவன், பதினேழு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், மிச்சம் இரண்டு பேரை நீங்கள் பாருங்கள் என்றானாம். பகடை மட்டும்தான் இல்லை; கணக்கு அதே கணக்கு! அந்த எண்ணிக்கை நிராகரிப்போருக்கு ஒரு சோதனையாகவே ஆக்கப்பட்டது என்று அடுத்த வசனம் கூறுகிறது.

"வெறும் விளையாட்டுத்தானே, யார் இதை நம்பப் போகிறார்கள்?" என்று தோழிகள் கேட்கிறார்கள். நம்ப மாட்டார்கள், உண்மை. ஆனால் எந்தச் சித்திரம் மனதில் முதலில் குடியேறுகிறது என்பது சின்ன விஷயமல்ல. என் தம்பி ஒருநாள் இராச் சாப்பாட்டு நேரம், "உம்மா, ஜிப்ரீலுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டான். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். உம்மா ஏசவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களை அசல் தோற்றத்தில் கண்டபோது அவருக்கு அறுநூறு சிறகுகள் இருந்ததையும், அந்தத் தோற்றம் அடிவானத்தையே மறைத்து நின்றதையும் சொன்னார். தம்பி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அறுநூறா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது இதைத்தான். பூட்டுக்கு முன்னால் அந்த அறுநூறு சிறகுகள் வரட்டும். தோழிகளுக்கோ வேறொன்று சொல்வேன். கூடியிருந்து கதை கட்டுவது நல்ல கலை. நம் உம்மம்மாமார் பாய் விரித்துச் செய்ததும் அதைத்தான். பறவைநாகத்தோடு மல்லுக்கட்ட ஆசையென்றால் கட்டுங்கள். மலக்குகளை மட்டும் கதைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று நடத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆங்கில அகரவரிசைப்படி அந்தப் பக்கங்கள் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வருகின்றன. புரட்டிவிட்டுப் போக அதிக நேரம் எடுக்காது.